எங்க ஊர்ல வெறும் ஏரிதான் சார் இருக்கு, ப்ராஜெக்ட்ல என்ன எழுதறது? – சந்தேகத்துக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. பாகூர்லேர்ந்து ப்ளஸ் ஒன் படிக்கிற ஒரு பாப்பா கேட்டிருக்கு. ஸ்கூல்ல உள்ளூர் பாரம்பரியமும் நீடித்த வளர்ச்சியும்னு ப்ராஜெக்ட் குடுத்திருக்காங்களாம், க்ளாஸ்ல பாதி பேரு புதுச்சேரி ஒயிட் டவுன், அதான் பிரெஞ்சுக்காரங்க காலத்துத் தெருவுங்க, அங்க போய் போட்டோ எடுத்துட்டு வந்துட்டாங்க, எங்க ஊர்ல வெறும் ஏரியும் வயலும்தான் சார் இருக்கு, நான் எதை எழுதறதுன்னு.

வெறும் ஏரின்னு சொல்லாதம்மா. புதுச்சேரியில ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி உங்களுது. பாகூர் செப்பேடுன்னு கேள்விப்பட்டிருக்கியா? 9ஆம் நூற்றாண்டு, நிருபதுங்கவர்ம பல்லவன் காலம், பாகூர்ல இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது அன்னைக்கு இருந்த கல்லூரிக்கு, மூணு ஊர் வருமானத்த எழுதி வெச்சிருக்காங்க. அப்போ அந்த மண்ணுல எவ்ளோ வெளஞ்சிருக்கணும், அதுக்குத் தண்ணி எங்கேர்ந்து வரும்? இத புடிச்சுக்கோ, உன் ப்ராஜெக்ட் இதுதான்.

இப்ப தண்ணி வர்ற வழி தென்பெண்ணையில, சொர்ணாவூர் அணைக்கட்டுலேர்ந்து பங்காரு வாய்க்கால் வழியா ஏரிக்கு. பங்காரி, சிங்காரின்னு அக்கா தங்கச்சி ரெண்டு பேர் சேந்து வெட்டுனதுன்னு ஊர்ல பெரியவங்க சொல்லுவாங்க, அந்தக் கதையையும் அவங்க வாயாலயே கேட்டு ரெக்கார்ட் பண்ணிக்கோ. அப்புறம் ஃப்ரெண்ட்ஸோட, கூட ஒரு பெரியவங்களையும் கூட்டிக்கிட்டு, தண்ணி ஓடாத நாளா பாத்து வாய்க்கால் ஓரமாவே சைக்கிள்ல போங்க. எங்க மண்ணு மேடு தட்டியிருக்கு, எங்க ஆகாயத்தாமரை அடைச்சிருக்கு, எந்த மதகுல ஷட்டர் துருப்புடிச்சு நிக்குது, ஏரி ரொம்பி கோடி போனா, அதாவது மிச்சத் தண்ணி வழிஞ்சா, அந்தத் தண்ணி எந்தப் பக்கம் போகும், எல்லாத்தையும் ஒரு மேப்ல குறிங்க. மதகு திறந்து விட்ட ஆளுங்க இன்னும் ஊர்ல இருப்பாங்க, அவங்களுக்குத் தெரிஞ்சது எந்த புக்லயும் இருக்காது.

இன்னொன்னு, இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் வந்துச்சுல்ல, அதுக்கப்புறம் சாத்தனூர் டேம் தண்ணி தென்பெண்ணையில வந்து பாகூர் பக்கம் ஊருக்குள்ளயே புகுந்துடுச்சு. அந்தத் தண்ணி நின்ன கோடு சில வீட்டு செவுத்துல இன்னும் தெரியும், வெள்ளையடிச்சுட்டா போயிடும். டேப் எடுத்துட்டுப் போய் தரையிலேர்ந்து எவ்ளோ உயரம்னு அளந்து, தெரு பேரோட எழுதி வெய்யுங்க. எந்தத் தெருவுல மொதல்ல தண்ணி ஏறுச்சு, வயசானவங்கள எந்த வழியா கூட்டிட்டுப் போனாங்க, 2011 தானே புயல்ல எப்படி இருந்துச்சு, இதையும் கேளுங்க. பேரிடர தாங்குற ஊருன்னு புக்ல படிக்கிறோமே, அது இந்த மாதிரி தகவல் கையில இருந்தாத்தான் நடக்கும்.

கடலும் பக்கத்துல இருக்கு, போர்வெல் போட்டு உறிஞ்சிக்கிட்டே இருந்தா உப்புத் தண்ணி உள்ள வரும், ஏரி ரொம்புனாத்தான் கிணத்துக்கு நல்ல தண்ணி. அதையும் ரெண்டு வரி எழுதிடு.

ஒயிட் டவுன் வேணாம்னு சொல்லலம்மா, அதுவும் நம்மளுதுதான், ஆனா அதப் பத்தி எழுத நிறைய பேரு இருக்காங்க. நீங்க போடுற மேப்ப மார்க் வாங்கினதோட விட்டுடாதீங்க, ஒரு காப்பி கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்லயும் ஒரு காப்பி பொதுப்பணித்துறையிலயும் டீச்சர் கையெழுத்தோட குடுங்க, அதுவும் ஆகஸ்ட்குள்ள குடுத்துடுங்க, அக்டோபர்ல மழை புடிச்சுட்டா அப்புறம் தூர் வார முடியாது.