கடைசி மாதச் சம்பளம் எங்கே போனது? சிங்கப்பூரின் 183 நாள் கணக்கு

[திரையில்: கட்டி முடித்த பெட்டி, மேலே பாஸ்போர்ட்]

சிங்கப்பூர் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிறீர்கள். பெட்டி கட்டியாகிவிட்டது, திருச்சி டிக்கெட் கையில் இருக்கிறது. கடைசி மாதச் சம்பளம் மட்டும் வங்கிக்கு வந்து சேரவில்லை. அலுவலகத்தில் கேட்டால், "பிடித்து வைத்திருக்கிறோம், சட்டம் அப்படி" என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தப் பணத்தில் எவ்வளவு உங்களுக்குத் திரும்ப வரும் என்பதை நீங்கள் டிக்கெட் எடுக்கும் தேதியே தீர்மானிக்கக்கூடும். என் சித்தப்பா மகனுக்கு ஐந்தே நாளில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் போனது. கடைசி வரை பாருங்கள், அந்தக் கணக்கைக் காலண்டர் வைத்தே போட்டுக் காட்டுகிறேன்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற வேலைகளுக்கு வொர்க் பெர்மிட், நடுத்தரத் திறன் வேலைகளுக்கு எஸ் பாஸ், அதற்கும் மேலே எம்ப்ளாய்மென்ட் பாஸ். மூன்றையும் கொடுப்பது மனிதவள அமைச்சு. வரி வாங்குவது உள்நாட்டு வருவாய் ஆணையம்.

இப்போது அந்தச் சம்பளத்துக்கு வருவோம். நம் ஊரில் மாதாமாதம் டிடிஎஸ் பிடித்துவிட்டுத்தான் சம்பளம் தருவார்கள். சிங்கப்பூரில் அந்தப் பழக்கம் கிடையாது. சம்பளம் வரிப் பிடித்தம் இல்லாமல் கைக்கு வரும். இந்த ஆண்டு சம்பாதித்ததற்கு அடுத்த ஆண்டுதான் வரி கட்டுகிறோம். அதற்குள் வெளிநாட்டு ஊழியர் ஊருக்குப் போய்விட்டால் அரசு யாரைத் தேடிப் பிடிக்கும்? அதற்காக வந்ததுதான் ஐஆர் 21 என்ற படிவம். எல்லோரும் டாக்ஸ் கிளியரன்ஸ் என்பார்கள். ஊழியர் வேலையை விடுவதற்கு ஒரு மாதம் முன்பே முதலாளி இதைத் தாக்கல் செய்ய வேண்டும். ஊழியர் விலகப் போவது தெரிந்த நாளிலிருந்து அவருக்குத் தரவேண்டிய பணம் அத்தனையையும் நிறுத்தி வைக்க வேண்டும். ஆணையம் கணக்கை முடித்துச் சொல்லும் வரை, அல்லது படிவம் கிடைத்து 30 நாள் ஆகும் வரை, இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை. வரி போக மீதி உங்களுடையது. வேலையை விடாமல் மூன்று மாதத்துக்கு மேல் ஊருக்குப் போய் வந்தாலும் இதே நடைமுறைதான்.

[திரையில்: 2024 செப்டம்பர் முதல் 2025 மார்ச் வரை காலண்டர்]

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் ஓர் ஆண்டில் 183 நாள் இருந்தால் நீங்கள் வரிக்கணக்கில் குடியிருப்பாளர். வரிக்குரிய வருமானத்தில் முதல் 20,000 வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, வரியே கிடையாது. அதற்கு மேல் படிப்படியாக ஏறும். 61 முதல் 182 நாள் வரை என்றால் குடியிருப்பாளர் இல்லை. அப்போது சம்பளத்தில் 15 சதவீதம், அல்லது குடியிருப்பாளருக்கான வரி, இரண்டில் எது அதிகமோ அது. முதல் 20,000 வெள்ளிச் சலுகை அவருக்கு உதவாது.

என் தம்பி 2024 செப்டம்பர் 1 அன்று எஸ் பாஸில் வேலைக்குச் சேர்ந்தான். மாதம் 4,000 வெள்ளி. டிசம்பர் முடிய 122 நாள், சம்பாதித்தது 16,000 வெள்ளி. 122 என்றால் 183-க்கு வெகு தூரம் என்று தோன்றும். இங்கேதான் ஒரு சலுகை இருக்கிறது. ஒரே வேலை இரண்டு ஆண்டுகளில் தொடர்ச்சியாக விழுந்து, மொத்தமாக 183 நாள் வந்துவிட்டால், இரண்டு ஆண்டுக்குமே குடியிருப்பாளராக ஏற்றுக்கொள்கிறார்கள். சனி, ஞாயிறு, பண்டிகை விடுமுறை எல்லாம் எண்ணிக்கையில் சேரும்.

ஜனவரியில் 31. ஆக 153. பிப்ரவரியில் 28. ஆக 181. மார்ச் 1, 182. மார்ச் 2, 183!

அவன் பிப்ரவரி 25 அன்று விமானம் ஏறினான். டிக்கெட் மலிவாக இருந்தது என்றான். அன்று அவனுக்கு 178-வது நாள். 2024 வருமானத்துக்கு மட்டும் 15 சதவீதம், அதாவது 2,400 வெள்ளி. மார்ச் 2 வரை இருந்திருந்தால் அதே 16,000 வெள்ளிக்கு வரி பூஜ்யம். டிக்கெட்டில் மிச்சமான தொகை 150 வெள்ளிகூட இருக்காது. அலுவலகத்தில் ஒருவராவது அவனிடம் இதைச் சொல்லியிருக்கலாம். எனக்கு இன்றைக்கும் அந்த வருத்தம் தீரவில்லை.

இந்த ஐந்து நாள் விஷயம் தெரியாமல் கிளம்பும் நண்பர் யாராவது இருந்தால் இப்போதே இந்த வீடியோவை அவருக்கு அனுப்புங்கள்.

பாஸ் நீட்டிப்புக்கு வருவோம். புதுப்பிக்க விண்ணப்பிப்பது முதலாளிதான். தொழிலாளி தானாக விண்ணப்பிக்க முடியாது. இந்த ஒரு காரணத்தை வைத்துத்தான் சிலர், "பெர்மிட் புதுப்பிக்க வேண்டுமா, இவ்வளவு வெள்ளி கொடு" என்று கேட்கிறார்கள். தயவுசெய்து கேளுங்கள்: அது குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு. வெளிநாட்டு ஊழியருக்காக அரசுக்கு மாதந்தோறும் கட்டும் லெவி என்ற கட்டணமும் முதலாளியின் செலவு. அதை உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. வெயிலில் சாரம் ஏறி உழைப்பவரிடம் கை நீட்டுகிறவரைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மனிதவள அமைச்சிடம் புகார் செய்யுங்கள்.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வொர்க் பெர்மிட்டுக்கான ஐபிஏ கடிதம், அதாவது கொள்கையளவில் அனுமதி தரும் கடிதம், தமிழிலும் வரும். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் என்று தனித்தனியாக இருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்ன தொகையை அதோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் விமானம் ஏறாதீர்கள்.

இந்திய வரிக் கணக்கு ஏப்ரலில் தொடங்கும், சிங்கப்பூரில் ஜனவரியில் தொடங்கும். அந்தக் குழப்பத்துக்குத் தனி வீடியோ போடுகிறேன்.

[திரையில்: போர்டிங் பாஸ்]

சிங்கப்பூர் குடிநுழைவில் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. அதனால் போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாமல் பத்திரப்படுத்துங்கள். நாள் கணக்குக்கு அது உதவும். வேலையில் சேர்ந்த தேதியைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். உங்கள் 183-வது நாள் எது என்று எண்ணிச் சொல்கிறேன். டிக்கெட்டை அதற்குப் பிறகு எடுக்கலாம்.