தகடு ஒட்டப் பழைய வெல்டிங் பிளான்ட்: மஸ்கெலியா தம்பியின் கேள்வி

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: ‘அண்ணா, ஒயில் ஊற்றிய பழைய 300 அம்பியர் வெல்டிங் பிளான்ட் ஒன்று மலிவாக வருகிறது. எனக்கு வேலை பொக்ஸ் பாரும், கேட்டுக்கு அடிக்கிற 1.2 மி.மீ தகடும்தான். வாங்கலாமா?’ இரண்டு நாளாக இந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை, ஏனென்றால் இதே வயதில் இதே கேள்வியை நானும் கேட்டேன், ஆனால் விற்க வந்தவரிடமே கேட்டேன்.

வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்லப் போவது தெரியும். மெசின் எவ்வளவு மேலே போகும் என்று பார்க்காதீர்கள், எவ்வளவு கீழே இறங்கும் என்று பாருங்கள். 1.2 மி.மீ தகட்டுக்கு 2 மி.மீ 6013 குச்சி (சாதாரண இரும்புக்குப் போடும் வெல்டிங் குச்சி) போட்டால் 40லிருந்து 50 அம்பியர் போதும், கூடினால் தகடு உருகித் துளை விழும். நான் வாங்கிய பிளான்ட் 60க்குக் கீழே இறங்கவே இல்லை. ஒரு பேக்கரிக்குப் புகைக்குழாய் செய்தேன், ஒரு துளையை அடைக்கப் போனால் அது ரூபாய்க் குத்தி அளவுக்கு விரிந்தது, அதை அடைக்கப் போனால் பக்கத்தில் இன்னொன்று. கடைசியில் அந்தத் தகட்டையே வெட்டி எறிந்துவிட்டு ரிவிட் அடித்துக் கொடுத்தேன். 300 அம்பியர் என்று பெரிதாக எழுதியிருந்ததைப் பார்த்து வாங்கினேன், அந்த 300 எனக்கு ஒருநாளும் தேவைப்படவில்லை.

எலக்ட்ரோனிக் போர்டில் ஓடும் சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெசின் கிடைத்தால் பழையதானாலும் அதையே பாருங்கள். 30 அம்பியரிலும் அணையாமல் எரிந்தால் நல்லது. அது டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) என்பதால் குச்சியை மைனஸ் முனையில் போடலாம், மெல்லிய தகட்டில் துளை விழுவது குறையும். வாங்கப் போகும்போது உங்கள் குச்சியையும் உங்கள் தகட்டுத் துண்டையும் கையோடு கொண்டு போங்கள், விற்பவர் தருகிற தடித்த இரும்பில் எந்த மெசினும் நன்றாகத்தான் ஒட்டும். ஆகக் குறைந்த அளவில் வைத்து ஒரு முழுக் குச்சியை எரித்துப் பாருங்கள். மூடியைக் கழற்றச் சொல்லிப் போர்டில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள், நம் ஊர்ப் பனியும் ஈரமும் முதலில் அங்கேதான் வேலையைக் காட்டும். அப்புறம், லயத்துக் கடைசி வீட்டில் பின்னேரம் எல்லோரும் லைட்டும் கேத்தலும் போடும் நேரத்தில் 230 வோல்ட் முழுதாக வராது, அதோடு மெல்லிய வயரை நீளமாக இழுத்து ஒட்டினால் நல்ல மெசினும் திணறும். முடிந்தால் ஒரு நாள் வீட்டில் போட்டுப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

கல்வனைஸ் (நாகம் பூசிய) தகடு என்றால் ஒட்டுகிற இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் நின்று ஒட்டுங்கள். அந்தப் புகையைப் பிடித்தால் இரவுக்குக் குளிர்காய்ச்சல் வரும். கூரைத் தகரத்தை ஒட்டவே நினைக்காதீர்கள்.

சரி, தம்பி கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. இரண்டு தகட்டையும் எப்படிச் சேர்த்து வைப்பது? நடுவில் நகம் நுழைகிற இடைவெளி இருந்தாலே 40 அம்பியரிலும் துளை விழும். இறுக்கிப் பிடித்து, முடிந்தால் பின்னால் ஒரு செப்புப் பட்டையை வைத்து, ஒரு இடத்தில் ஒரு பொட்டு, தள்ளி இன்னொரு பொட்டு என்று வைத்துக்கொண்டு போங்கள், சூடு ஆற விடுங்கள், பிறகு நடுவை நிரப்புங்கள். இறுக்கமாகச் சேர்ந்த தகடு மெசினின் பாதிக் குறையை மறைத்துவிடும். தம்பி, அந்த 300 அம்பியரை விட்டுவிடுங்கள். அடுத்த முறை படம் அனுப்பும்போது ஒட்டி முடித்ததை அனுப்ப வேண்டாம், ஒட்டுவதற்கு முன்னால் தகடுகள் சேர்ந்திருக்கிற இடத்தை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.