இடது காதும் வலது காதும்: கொழிஞ்சாம்பாறை வாசகசாலையில பேசுனது

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. முன்னாடி வரிசைல மைக்செட் போடற அண்ணமாருங்க, பின்னாடி காலேஜ் பசங்க, நடுவுல நம்ம செண்ட மேளம் அடிக்கற சேட்டன்மாருங்க, மூணு கூட்டத்துக்கும் சேத்து ஒரே பேச்சு பேசணும்னா கொஞ்சம் அங்க இங்க தாவும், பொறுத்துக்கோங்க. பேசப்போறது ஒரே ஒரு மாட்யூல பத்தித்தான், ஸ்டீரியோ ஃபில்டர்.

அந்த மாட்யூலு இருக்கறது கம்ப்யூட்டர்ல சத்தத்த உண்டாக்கற, மாத்தற விசிவி ரேக்னு ஒரு சாஃப்ட்வேர்ல, ஆண்ட்ரூ பெல்ட்னு ஒருத்தர் 2017ல வெளிய விட்டது, சும்மாவே டவுன்லோட் பண்ணிக்கலாம். ஜெர்மனில டோப்ஃபர் கம்பெனி 90கள்ல கொண்டுவந்த யூரோரேக்குன்னு நெசமான பொட்டி இருக்குதுங்க, அதோட காப்பி மாதிரி ஸ்க்ரீன்ல மாட்யூல (ஆளுக்கொரு வேலை செய்யற குட்டிப் பொட்டிங்க) அடுக்கி மவுஸ்ல வயர் இழுத்து சொருகறதுதான் வேலை. உள்ள ஓடறது வெறும் நம்பர்தான், ஆனா வோல்ட்டுன்னுதான் சொல்லுவாங்க. சத்தம் மைனஸ் 5க்கும் ப்ளஸ் 5க்கும் நடுவுல ஓடும், ஒரு வோல்ட் ஏத்துனா சுதி ஒரு ஆக்டேவ் ஏறும், அதாவது ஃப்ரீக்வென்சி ரெட்டிப்பாகும்.

ஃபில்டர் என்ன பண்ணும்னு மைக்செட் அண்ணமாருக்கு சொல்லவே வேண்டாம். லோபாஸ் மேல இருக்கறத வெட்டும், ஹைபாஸ் கீழ இருக்கறத வெட்டும், வெட்ட ஆரம்பிக்கற எடம் கட்ஆஃப். ரேக் கூடவே வர்ற விசிஎஃப்ங்கற ஃபில்டர் மாட்யூலு ராபர்ட் மூக் பண்ணுன ஏணி ஃபில்டர் வழில வந்ததுங்க, ஆக்டேவுக்கு 24 டெசிபல் வெட்டு. லோபாஸ்ல 1000 ஹெர்ட்ஸ்ல கட்ஆஃப் வெச்சா 2000லயே சத்தம் சுமாரா பதினாறுல ஒரு பங்கா எளச்சுடும், 4000ல ஒண்ணுமே இருக்காது. ரெசனன்ஸ்னு ஒரு நாப், கட்ஆஃப் எடத்துல மட்டும் சத்தத்த தூக்கிக் குடுக்கும். ட்ரைவ் ஏத்துனா பிசிறு சேரும்.

இப்ப விஷயத்துக்கு வாரேன். ஸ்டீரியோன்னா ரெண்டு சத்தம், அப்ப ரெண்டு ஃபில்டர் வேணும். ரெண்டு தனி மாட்யூல வெச்சு ரெண்டு நாப்பையும் மவுஸ்ல திருப்புனா ரெண்டும் ஒரே எடத்துல நிக்கவே நிக்காது, ஒரு கை மவுஸ்தானே இருக்கு நமக்கு. ஸ்டீரியோ ஃபில்டருங்கறது ரெண்டு மாட்டையும் ஒரே நொகத்தடில பூட்டறது, ஒரு நாப் திருப்புனா ரெண்டும் சேந்து நகரும். ரேக்கோட மாட்யூல் லைப்ரரில ரெடிமேடாவே இடது வலது ஓட்டை வெச்ச மாட்யூலுங்க நெறைய கெடைக்குது. அது இல்லாமயும் பண்ணலாம், மெர்ஜ் மாட்யூல்ல இடத ஒண்ணாம் ஓட்டைல, வலத ரெண்டாம் ஓட்டைல சொருகுனா வெளிய ஒரே தடி கேபிளா வரும், அத விசிஎஃப்ல குடுத்து, வர்றத ஸ்ப்ளிட் மாட்யூல்ல திரும்ப பிரிச்சு எடுத்துக்கணும். ஒரு கேபிள்ல 16 சேனல் வரைக்கும் போகுமுங்க, நமக்கு ரெண்டு போதும். எனக்கு இதுதான் புடிச்ச வழி, ஏன்னு அப்புறம் சொல்றேன்.

நம்மூர்லருந்தே ஒரு சோலி எடுத்துக்கலாம். வேலா, பூரம்னு கோயில் திருவிழா சீசன் தொடங்கற நேரந்தான் பாலக்காட்டுக் கணவாய் வழியா கெழக்குக் காத்து பிச்சுகிட்டு வரும். நம்ம பாலக்காட்டுச் சித்தூர் கொங்கன்படைக்குப் போயிருப்பீங்க (கொங்குப் படைய ஓடவிட்ட கதையக் கொண்டாடற விழாவுக்கு கொங்குத் தமிழ் பேசற நாமளே முன்னாடி நிக்கறோம், அது வேற கதை). அங்க கையடக்க ரெக்கார்டர்ல, இல்ல ஃபோன்லயே, மேளத்த எடுத்துட்டு வந்து ஹெட்ஃபோன்ல கேட்டா செண்டைக்கு அடில குமுகுமுன்னு காத்து. அதும் காத்துப் பக்கம் பாத்த மைக்குல ஜாஸ்தி, இன்னொண்ணுல கம்மி.

சரி, ஹைபாஸ் போடலாம். இடது சைடுலதான காத்து ஜாஸ்தி, இடத மட்டும் 150ல வெட்டிட்டு வலத 60ல விட்டுடலாமேன்னு தோணுமுங்க. அங்கதான் வில்லங்கம். செண்டைல இடந்தலை பக்கம் கணீர்னு மேல நிக்கும், அதுக்கு ஒண்ணும் ஆகாது. வலந்தலைக்கு தோல பல அடுக்கா ஒட்டிப் பண்ணறதால சத்தம் திம்முன்னு கீழ எறங்கும், பின் வரிசைல தாளம் புடிக்கற வீக்கன் செண்டை பூராவும் அந்த வலந்தலைதான். இடப்பக்கம் மட்டும் அடிய வெட்டுனா நடுவுல நின்னு அடிச்ச மொத்த பின் வரிசையும் வலது காதுப் பக்கம் நகந்து போயிடும், இடந்தலை மட்டும் நடுவுலயே நிக்கும், ஆளு ஒரு பக்கம் கோலு ஒரு பக்கம் மாதிரி கேக்கும். அதனால இந்த மாதிரி சுத்தம் பண்ற வேலைக்கு ரெண்டு சைடும் ஒரே கட்ஆஃப்தான் வைக்கணும். ரெசனன்ஸ் சைபர், ட்ரைவ் சைபர், கட்ஆஃப்ப அடிலருந்து மெதுவா ஏத்திகிட்டே வாங்க, காத்து அடங்கும், இன்னும் ஏத்துனா திம்முல ஒடம்பு எளைக்க ஆரம்பிக்கும், அந்த எடத்துலருந்து கொஞ்சம் கீழ எறக்கி விட்டுடுங்க. மிச்சம் இருக்கற காத்து இருந்துட்டுப் போகட்டும், மேளம் ஓங்கும்போது யாருக்கும் கேக்காது.

ரெண்டு சைடும் எப்ப பிரியலாம்னா, சத்தத்த வெச்சு வெளையாடறப்ப. இலத்தாளத்த (மேளத்துல தட்டற வெண்கலத் தாளம்) மட்டும் பக்கத்துல போயி எடுத்தீங்கன்னா நல்ல மினுமினுப்பு கெடைக்கும், அதுல லோபாஸ் போட்டு இடத ஏத்தி வலத எறக்குனா ஒரே தாளம் ரெண்டு பேரு வேற வேற எடத்துல நின்னு போடற மாதிரி விரியும். எவ்வளவு பிரிக்கலாம்? ஒரு வோல்ட் பிரிச்சா ஒரு ஆக்டேவ், வலது 1000னா இடது 2000, அது ரொம்ப ஓவரு. 0.1 வோல்ட் வெச்சா 1000க்கு 1072, காதுக்கு வித்தியாசம்னு தெரியாது, ஆனா அகலம் தெரியும். மெர்ஜ் வழி எனக்கு புடிக்கும்னேன்ல, காரணம் இதுதான்: விசிஎஃப்ல கட்ஆஃப்ப வோல்ட்டால நகத்தற சிவி ஓட்டைல சாதா கேபிள் சொருகுனா ரெண்டு சேனலுக்கும் ஒரே வோல்ட் போகும், ரெண்டு சேனல் கேபிள் சொருகுனா ஆளுக்கொண்ணு போகும். ஒண்ணா போறதும் பிரியறதும் ஒரே ஓட்டைல முடிஞ்சுது. வோல்ட்ட மெதுவா ஏத்தி எறக்கற எல்எஃப்ஓ மாட்யூல இடத்துக்கு நேராவும் வலத்துக்கு தலைகீழாவும் குடுத்துப் பாருங்க, இடது தொறக்கறப்ப வலது மூடும், சத்தம் காதுக்குக் காது நடக்கும்.

ஆனா நம்மூரு மைதானம் மோனோ. கம்பத்துல கட்டற கொழாய் ஸ்பீக்கருக்கு இடமாவது வலமாவது, ரெண்டும் கலந்துதான் போகும். கட்ஆஃப் வேற வேறயா இருக்கற ரெண்டு ஃபில்டர்ல வெளிய வர்ற அலைங்க ஒண்ணுக்கொண்ணு முன்னப்பின்ன இருக்கும், கூட்டறப்ப சில சுதி ஒண்ண ஒண்ணு தின்னுரும். ஹெட்ஃபோன்ல அகலமா கேட்டது கொழாய்ல சப்புன்னு ஆகறது இதனாலதான். இன்னொரு சமாச்சாரம் யாரும் சொல்லித் தரமாட்டாங்க, ரேக்ல ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு சாம்பிள் (சத்தத்துக்காக ஓடற நம்பர்ல ஒண்ணு) தாமதம் இருக்கு. ரெண்டு சைடும் ஒரே எண்ணிக்கைல மாட்யூல் தாண்டுனா பிரச்சினை இல்ல. இடத மட்டும் பத்து கேபிள் கூட சுத்திவிட்டு, செகண்டுக்கு 48000 சாம்பிள்ங்கற ரேட்ல வலதோட கூட்டுனீங்கன்னா 2400 ஹெர்ட்ஸ்ல ஒரு பள்ளம் விழும், குரலோட தெளிவு இருக்கற எடமே அதுதான். அதனால வெளிய குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டையும் மிக்ஸ் மாட்யூல்ல கூட்டி ஒரே சத்தமா ஒருக்கா கேட்டுப்பாருங்க, செத்துப் போகலைன்னா தைரியமா குடுக்கலாம்.

ரெசனன்ஸ முழுசா ஏத்துனா ஃபில்டர் தானாவே விசிலடிக்கும், உள்ள சத்தமே குடுக்காட்டியும். ஸ்டீரியோல இடது 1000, வலது 1003னு விசிலடிச்சா ஹெட்ஃபோன்ல காதுக்கொண்ணா தனித்தனியா போகும், மோனோல கலந்தா செகண்டுக்கு மூணு தடவ ஊங் ஊங்னு துடிக்கும். நல்லாத்தான் இருக்கும், ஆனா வால்யூம கொறச்சுட்டு அப்புறம் பண்ணுங்க, காது போனா வராதுங்க.

கடைசில ரெண்டு கேள்வி வந்துச்சு. வேலந்தாவளத்து மைக்செட் அண்ணா ஒருத்தரு, “ஏனுங் தம்பி, இதத்தான எங்க மிக்சர்லயே ஈக்யூ பண்ணுது?”ன்னு கேட்டாரு. நெசந்தாங்ணா. மேடைல பேசறவரு மைக்குல பொம்முன்னு வந்தா லேப்டாப்ப தூக்கிட்டு வராதீங்க, மிக்சர்ல லோகட் பட்டன அமுக்குங்க, தீந்துது. அடி, மேல்னு சத்தத்த ஏத்தி எறக்கற உங்க ஈக்யூ நாப் வெச்ச எடத்துல நிக்கும், இது வோல்ட் குடுத்தா பாட்டு நடுவுல தானா நகரும், அந்த நகர்வு வேணும்னா மட்டும் இங்க வாங்க.

பின்னாடிலருந்து ஒரு பொண்ணு, பழைய லேப்டாப் தாங்குமா, காசு கட்டி வாங்கணுமான்னு கேட்டுச்சு. விசிஎஃப் நாலு சேனல் வரைக்கும் ஒரே மூச்சுல கணக்குப் போடற மாதிரி எழுதியிருக்காங்கம்மா, ஸ்டீரியோ ஆக்கறதால சுமை பெருசா ஏறாது. காசு கட்டி வாங்கற ரேக் ப்ரோ எதுக்குன்னா வேற ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குள்ள ப்ளக்இன்னா போட்டு ஓட்டறதுக்கு, தனியா ஓட்டிக் கத்துக்கறதுக்கு சும்மா கெடைக்கறதே போதும்.