கடல்பாசியில் ஓடும் டிஎன்ஏ

வணக்கம். நோட்டீஸில் மரபணுத் தொகுதி, புரோட்டியோம் என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள், பயந்து எழுந்து போய்விடாதீர்கள். நோன்புக் காலத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்த கடல்பாசி சாப்பிட்டிருப்பீர்கள். அதைச் சுத்திகரித்தால் கிடைக்கிற அகரோஸ் தூளைத்தான் நாங்களும் கொதிக்கவைத்துத் தட்டில் ஊற்றுகிறோம், பால் சர்க்கரை மட்டும் கிடையாது.

ஊற்றின சூட்டோடு ஒரு சீப்பைச் செருகிவைத்து, இறுகினதும் உருவினால் வரிசையாகக் குழிகள் விழும். அந்தக் குழியில் நீலச் சாயம் கலந்த டிஎன்ஏவை விட்டு, கரைசலில் மூழ்கவைத்து மின்சாரம் கொடுத்தால் அது கறுப்பு வயர் பக்கமிருந்து சிவப்பு வயரை நோக்கி ஓடும், ஏனென்றால் டிஎன்ஏவுக்கு எதிர்மின்னூட்டம். நான் சேர்ந்த புதிதில் வயரை மாற்றிக் குத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். வந்து பார்த்தால் எல்லாம் பின்பக்கமாக ஓடிக் கரைசலில் கலந்துவிட்டது. மூன்று நாள் வேலை!

சரி, ஓடினால் என்ன? ஜெல்லுக்குள் வலை மாதிரி ஓட்டைகள். தேர்க் கூட்டத்தில் சின்னப் பையன் கால்களுக்கு நடுவில் புகுந்து வடத்தருகே போய்விடுவான், அப்பா பின்னால் மாட்டிக்கொண்டு நிற்பார். சின்னத் துண்டு முன்னால், பெரிய துண்டு பின்னால், அவ்வளவுதான்.

இதை வைத்துத்தான் பிரிட்டிஷ் வேதியியலாளர் ஃபிரெட் சாங்கர் 1977இல் டிஎன்ஏவின் A, T, G, C என்ற நாலு எழுத்துகள் வரும் வரிசையைப் படிக்கும் முறையைச் சொன்னார். டிஎன்ஏவை நகலெடுக்கும்போது, அடுத்த எழுத்தைப் பிடிக்கக் கையில்லாத சில மொட்டை எழுத்துகளைக் கலந்துவிட்டார். அது வந்து ஒட்டிய இடத்தில் சங்கிலி நின்றுவிடும். நாலு எழுத்துக்கு நாலு குழாய், நாலு வரிசை. ஒரே ஒரு எழுத்து நீள வித்தியாசத்தையும் பிரிக்க அகரோஸ் போதாது, பாலிஅக்ரிலமைடு ஜெல் வேண்டும். அப்புறம் கீழிருந்து மேலாக வாசித்துக்கொண்டே போக வேண்டியதுதான். 1990இல் தொடங்கி 2003இல் முடிந்த மனித மரபணுத் திட்டம் சுமார் 300 கோடி எழுத்துகளுக்கு இறங்கியதும் இதே தந்திரத்தோடுதான். போகப்போக ஜெல் பலகைக்குப் பதில் மயிரிழைக் கண்ணாடிக் குழாய், கண்ணுக்குப் பதில் லேசர். சாங்கர் முதல் நோபல் வாங்கியது 1958இல், இன்சுலின் என்ற புரதத்தைக் கோத்திருக்கிற 51 அமினோ அமிலங்களின் வரிசையைக் கண்டுபிடித்ததற்கு. அதிலும் இன்சுலினைத் துண்டு துண்டாக்கி, துண்டுகளைக் காகிதத்தில் ஊரவிட்டுப் பிரித்தார். என்னைக் கேட்டால் அவரை வாசகர் என்பதைவிடப் பிரிப்பவர் என்பேன்.

புரதம்தான் படுத்தும். டிஎன்ஏ கொஞ்சமாக இருந்தால் பிசிஆர் என்ற நகல் பெருக்கும் முறையைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளலாம், புரதத்துக்கு அந்த வசதி கிடையாது. ஈரல் செல்லிலும் கண் செல்லிலும் மரபணுத் தொகுதி, அதாவது மொத்த டிஎன்ஏ, ஒன்றே, புரதக் கூட்டமோ வேறு வேறு. அந்தக் கூட்டத்துக்குத்தான் 1994இல் மார்க் வில்கின்ஸ் புரோட்டியோம் என்று பெயர் வைத்தார். பெயருக்கு முன்பே, 1975இல், ஓஃபாரல் என்ற ஆய்வாளர் ஒரு வேலை செய்திருந்தார். புரதங்களை முதலில் மின்னூட்டப்படி ஒரு திசையில் பிரித்து, அப்புறம் குறுக்கே திருப்பி அளவுப்படி ஓட்டினார், ஈ.கோலை பாக்டீரியா ஒன்றிலேயே ஆயிரத்துக்கு மேல் புள்ளிகள் தெரிந்தன. இப்போது புரதத்தை டிரிப்சின் என்ற நொதியால் நறுக்கி, துண்டுகளை நிறை நிறமாலைக் கருவியில் (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) எடை பார்த்து அடையாளம் காண்கிறோம்.

ஆனால் ரத்த பிளாஸ்மாவை எடுங்கள், அதன் புரதத்தில் பாதிக்கு மேல் அல்புமின் ஒன்றே. கருவிக்குக் கண்ணில் படுவதெல்லாம் அதுதான். எனவே முதலில் அல்புமினை உறிஞ்சி வெளியே எடுக்கிறோம். எடுக்கும்போது அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்னச் சின்னப் புரதங்களும் கூடவே போய்விடும். நாங்கள் தேடி வந்தது அதில் ஒன்றாகக்கூட இருக்கலாம்.