கோணி என்னும் சொல்

(நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, கூட்டத்துக்கு இடம் தந்த நெல் மண்டி வணிகர்களே, மாணவர்களை அழைத்துவந்திருக்கும் தலைமையாசிரியர் அம்மையார் அவர்களே, மூட்டை இறக்கிய கையோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சுமைப்பணித் தோழர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

‘கோணிக் கோடி கொடுப்பதிலும் கோணாமல் காணி கொடுப்பது மேல்’ என்பது நான் எந்த மேடையிலும் விடாமல் சொல்லும் பழமொழி. அதிலுள்ள கோணி, முகம் கோணுவதைக் குறிக்கும். நாம் பேச வந்த கோணியோ முரட்டுச் சாக்குத்துணி. ஒலி ஒத்திருப்பதால் இரண்டையும் ஒரே வேரில் கட்டிவிடக் கூடாது. சொல்லின் பழமை, அது சென்ற வழி, அதனோடு மறைந்துவரும் தொழிற்சொற்கள் ஆகிய மூன்றையும் இன்று பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

வடமொழி இலக்கண ஆசிரியர் பாணினியின் நூலிலேயே ‘கோணீ’, பண்டம் இட்டுவைக்கும் பை என்ற பொருளில் வருகிறது. முதலெழுத்தை மெலித்துக் கன்னடர் கோணி என்பர். தெலுங்கர் கோனெ என்பர். ஆங்கிலேய வணிகர் வாயில் அது ‘கன்னி’ (gunny) ஆயிற்று. மலையாளத்தில் கோணி கேட்டால் ஏணியைக் கொண்டுவந்து சாத்துவார்கள். கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் 1855ஆம் ஆண்டு முதல் சணல் ஆலை எழுவதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்பே வழங்கிய சொல் இது. சாக்கு என்பதோ ஐரோப்பியரோடு வந்து சேர்ந்தது.

சிறுவயதில் ஓர் ஐப்பசி அடைமழையில், களத்து நெல்லை மூடப் போன என் தந்தையார், கோணியின் ஒரு மூலையை மற்றொரு மூலைக்குள் செருகித் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தார். அம்மா ஓடிவந்து, தாம் போட்டிருந்ததையும் கழற்றி என் தலையில் மாட்டி, “கொங்காணியை விட்டுடாதே, காத்து தூக்கிடும்” என்றார். நனைந்த சணலின் வாடையும், முதுகில் உறுத்திய நாரும், அதற்குள் இருந்த கதகதப்பும் இன்றும் நினைவில் இருக்கின்றன. சென்ற மாதம் ஒரு வகுப்பில் கொங்காணி என்றேன். நாற்பது பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. கோணியின் இடத்துக்குப் பிளாஸ்டிக் பை வந்தபோது கொங்காணியும் போயிற்று. கோணி தைக்கும் பெரிய ஊசியான கோணூசியும், கட்டிய மூட்டையைக் குறிக்கும் சிப்பமும் அடுத்துப் போகக் காத்திருக்கின்றன.

ஆதலால் தலைமையாசிரியர் அம்மையாரிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். இந்த விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டுப் பெரியவரிடம் பத்துத் தொழிற்சொற்களைக் கேட்டு எழுதிவரட்டும். காணி என்பது எண்பதில் ஒரு பங்குதான். கோணாமல் அதைக் கொடுத்தால் போதும். சுமைப்பணித் தோழர்கள் வாய்மொழியாகச் சொன்னால் நானே எழுதிக்கொள்கிறேன். குறிப்பேடு நூலக மேசைமேல் இருக்கிறது.