கரண்ட் தேவைப்படாத இன்குபேட்டர்: அது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது!

கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தளியைக் 'குட்டி இங்கிலாந்து' என்பார்கள். மார்கழிக் குளிருக்கு நமக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். அதே குளிரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒன்றரைக் கிலோவில் ஒரு குழந்தை பிறந்தால்?

வணக்கம் மக்களே! அந்தக் குழந்தை ஈரத்தோடு பிறக்கிறது, தோலுக்கடியில் கொழுப்பும் மிகக் குறைவு. சட்டென்று சில்லிட்டுவிடும். உடம்பைச் சூடாக்கவே அதன் சர்க்கரையும் ஆக்சிஜனும் செலவாகும். அப்புறம் பால் குடிக்கத் தெம்பு ஏது?

பிறந்ததும் மூச்சு விடாத குழந்தைக்கு முதல் நிமிடத்துக்குள் உதவ வேண்டும். அதற்குத் தனி வீடியோவே போடலாம். இன்றைக்குச் சூடு.

1978, கொலம்பியாவின் பொகோட்டா நகரம். அங்கே ஒரு மருத்துவமனையில் இன்குபேட்டர், அதாவது எடை குறைந்த குழந்தைகளைச் சூடாக வைக்கும் மின்பெட்டி, போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள், ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குக் கிருமி. எட்கர் ரே என்ற டாக்டர் குழந்தைகளை எடுத்து அம்மாக்களின் வெறும் நெஞ்சில், தோலோடு தோல் படும்படி வைத்தார். அவ்வளவுதான்! அதுதான் கங்காரு பராமரிப்பு.

ஏன் கங்காரு? அதன் குட்டி பிறக்கும்போது அவரைக்கொட்டை அளவுதான், ஒரு கிராம்கூடத் தேறாது. மிச்ச வளர்ச்சி முழுக்க அம்மாவின் பைக்குள்ளே! எனக்கு இதைப் படித்ததும் மெய்சிலிர்த்தது.

சரி, பலன்? இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 1 முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளைப் பிறந்த உடனே இப்படி வைத்துப் பார்த்தார்கள். நிலைமை சீரான பிறகு தொடங்கியவர்களோடு ஒப்பிட்டால், முதல் 28 நாளில் இறப்பு 25 சதவீதம் குறைவு. 2021இல் வந்த முடிவு இது. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

செய்முறை இதோ: குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ், டயாப்பர் மட்டும். இரு மார்புக்கும் நடுவில் நிமிர்த்தி, தவளை மாதிரி கால் மடக்கி, தலையை ஒருபக்கம் திருப்பி வைத்து, நூல் புடவையால் கட்டுங்கள். மூக்கு மூடக்கூடாது. மூச்சுத் திணறினால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். அஞ்செட்டி மாதிரி ஊரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் போகும்போதும் இப்படி வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.

பாட்டிமார்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள்: முதல் நாள் குளிப்பாட்ட வேண்டாம், சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். சீம்பால் போதும்.

அம்மா அசந்தால் அப்பாவும் செய்யலாம்! என்னைக் கேட்டால் எல்லாப் பிரசவ வார்டிலும் அப்பாவுக்கு ஒரு சாய்வு நாற்காலி போட வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது எட்டாம் மாதம் நடக்கிறதா? அவர் கணவருக்கு இந்த வீடியோவை அனுப்புங்கள். ஆஸ்பத்திரிப் பையில் முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை ஒன்றை அவரும் எடுத்து வைக்கட்டும்.