கர்ப்ப காலத்தில் பல் எக்ஸ்-ரே

நேயர்களுக்கு என் வணக்கம்.

கர்ப்பிணிப் பெண்கள் பலர் பல்வலியைக் கிராம்பாலும் உப்புநீராலும் மாதக்கணக்கில் தாங்கிக்கொண்டு, பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவதை ஒரு பல் மருத்துவராக நான் அடிக்கடி காண்கிறேன். எக்ஸ்-ரே எடுக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற அச்சமே பெரும்பாலும் அவர்களைத் தடுக்கிறது. வயிற்றில் வளரும் உயிரை நினைத்துப் பிறக்கும் அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அளவுகளைத் தெரிந்துகொண்டால் அது பெரிதும் தணியும்.

மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் உண்ணும் உணவிலிருந்தும் இயற்கையாகவே நம் உடலுக்கு ஆண்டொன்றுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (சீவர்ட் என்பது உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு; ஒரு மில்லிசீவர்ட் என்பது 1000 மைக்ரோசீவர்ட்), அதாவது நாளொன்றுக்கு 6 மைக்ரோசீவர்ட்டுக்குச் சற்று மேல், கதிர்வீச்சு வந்து சேர்கிறது. ஓரிரு பற்களை மட்டும் காட்டும் சிறிய எக்ஸ்-ரே ஒன்றினால் சேர்வது ஏறத்தாழ 5 மைக்ரோசீவர்ட்தான். அதுவும் கதிர் தாடையை நோக்கியே குறுகலாகச் செலுத்தப்படுவதால், கருப்பையை எட்டுவது 0.01 மில்லிகிரேக்கும் குறைவு (கிரே என்பது ஓர் உறுப்பு உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). 50 மில்லிகிரேக்குக் குறைந்த அளவால் பிறவிக் குறைபாடோ கருச்சிதைவோ கூடியதாகச் சான்று இல்லை என்பதையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள்.

மாறாக, வேரடியில் சீழ் பிடித்த பல்லை அப்படியே விட்டால் முகம் வீங்கும், காய்ச்சல் வரும், உணவு இறங்காது; தொற்று கழுத்துவரை பரவினால் தாயின் உயிருக்கே ஆபத்து நேரலாம். வேர் சிகிச்சையோ பல்லை எடுப்பதோ தேவைப்படும் அந்த நிலையில், எக்ஸ்-ரே இல்லாமல் வேரின் நிலையை அறிவது கடினம். வலியோ வீக்கமோ இல்லாமல் வழக்கமான பரிசோதனைக்காக மட்டும் எடுக்கும் படம் என்றால், அதைப் பிரசவத்துக்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.

ஈயக் கவசத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். வயிற்றை எட்டும் சிறிதளவும் பெரும்பாலும் உடலுக்குள்ளேயே சிதறி வருவதால் மேலே போர்த்தும் கவசம் அதைத் தடுப்பதில்லை என்று கண்டு, அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-இல் கர்ப்பிணிகளுக்கும் அது தேவையில்லை என அறிவித்தது. போர்த்தினால் மனம் அமைதியாகும் என்றால் தயங்காமல் கேளுங்கள். இல்லை என்றார்களானால் சிகிச்சையை விட்டு எழுந்து வந்துவிடாதீர்கள்.

எத்தனையாவது மாதம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூத்த குழந்தைக்குப் படம் எடுக்கும்போது பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால், நீங்கள் வெளியே நின்று அந்தப் பொறுப்பைக் குழந்தையின் தந்தையிடமோ வேறொருவரிடமோ விட்டுவிடுங்கள்.